பழைய செட், புதிய கேபிள்: களம்பூருக்கு ஒரு ரிப்பீட்டர்

2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-6 ராக்கெட் இரண்டு செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்றது. பெரியது கார்டோசாட்-1. பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். கூடவே போன சின்னதன் பெயர் ஹாம்சாட், எடை 42.5 கிலோ. அரசிடம் உரிமம் பெற்று, பொழுதுபோக்காகவும் பயிற்சியாகவும் வானலைகளில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்களுக்காகவே இஸ்ரோ அதைச் செய்து அனுப்பியது. தரையிலிருந்து வரும் குரலை 435 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வாங்கி, 145.9 மெகாஹெர்ட்ஸ் பக்கம் திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. திருப்பி அனுப்பிய சக்தி சுமார் 1 வாட். உள்ளே இருந்த இரண்டு டிரான்ஸ்பாண்டர்களில் (வாங்கி அனுப்பும் கருவிகளில்) ஒன்று இந்தியாவில் உருவானது; மற்றதைச் செய்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு மாணவர். 600 கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்தில் சுற்றியபடி 2014 ஜூலை வரை, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல், அது உழைத்தது. கடைசியில் அதை ஓயவைத்தது பேட்டரி.

வானத்தில் சுற்றிய அந்தக் கருவியின் கதையைத் திருவண்ணாமலை மாவட்டத்துக் களம்பூருக்குச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு வாட் சக்தியில் தெற்காசியா முழுவதையும் பேசவைக்க முடிந்தது அது அவ்வளவு உயரத்தில் இருந்ததால். இப்படிக் கேட்டதைத் திருப்பி அனுப்பும் கருவிக்குத் தரையில் ரிப்பீட்டர் என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டதும் பலருடைய மனத்தில் லட்சக்கணக்கில் விலை போகும் ஒரு இரும்பு அலமாரி வந்து நிற்கிறது. கம்பெனிகள் விற்கும் புது ரிப்பீட்டர்கள் அப்படித்தான் இருக்கின்றன. அவற்றின் விலையும் அப்படித்தான். ஆனால் ஒரு ரிப்பீட்டர் நன்றாக வேலை செய்வதற்கும் அதற்குள் இருக்கும் ரேடியோ செட்டின் விலைக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறியது. ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, வாங்கும் பக்கத்தையும் அனுப்பும் பக்கத்தையும் எவ்வளவு சுத்தமாகப் பிரித்திருக்கிறோம், மின்சாரம் எத்தனை நாள் தாங்கும், இந்த மூன்றும்தான் தீர்மானிப்பவை. ஆகவே பிறர் கழித்துவிட்ட செட்டுகளைக் கொண்டு ஒரு சிறு ஊர் ரிப்பீட்டர் கட்டிக்கொள்வது இல்லாமைக்குச் செய்யும் சமாளிப்பு அல்ல. பணத்தைப் போடவேண்டிய இடத்தில் போடுகிற சரியான வழி அதுதான் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் உயரத்தைப் பார்ப்போம். ஹாம்கள் உள்ளூரில் பேசப் பயன்படுத்தும் வி.எச்.எப். அலை, இந்தியாவில் அவர்களுக்கு ஒதுக்கியிருப்பது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை, ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. பூமியின் வளைவு மறைத்தால் அது நின்றுவிடும். எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது: ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும். கையில் வாக்கி டாக்கியோடு நிற்கும் இரண்டு பேருக்கு ஏட்டில் 10 கிலோமீட்டர் வரும். வீடு, தென்னை, புளியமரம் எல்லாம் குறுக்கே நிற்பதால் நடைமுறையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் கிடைத்தாலே அதிகம். இப்போது களம்பூரில் 30 மீட்டர் உயரத்தில் ஒரு ஆன்டெனாவை நிறுத்துவோம். கணக்கு 27 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அந்த வட்டத்துக்குள் ஆரணி, போளூர், சேத்துப்பட்டு, கண்ணமங்கலம் நான்கும் வந்துவிடும். திருவண்ணாமலையும் வேலூரும் வெளியே நிற்கும். மேற்கே ஜவ்வாது மலை மறைக்கும். அந்த மலைச் சரிவில் சுற்றுப்புறத்தைவிட 300 மீட்டர் உயரமான இடம் ஒன்று கிடைத்தால் கதையே வேறு: சமவெளிப் பக்கம் 75 கிலோமீட்டர் வரை திறந்துவிடும். ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் ஹாம் ரிப்பீட்டர்கள் வைக்கப்பட்டது இதற்காகத்தான். ஆனால் மலை என்றால் வனத்துறை அனுமதி, பாதை, குரங்கு, இடி எல்லாம் சேர்ந்து வரும். பெரிய ஹாம் மன்றங்களுக்குச் சாத்தியமான அலைச்சல் ஒரு பேரூராட்சியின் ஆர்வலர்களுக்குச் சாத்தியமாகாது. பழுது வந்தால் அரைமணி நேரத்தில் சைக்கிளில் போய்ப் பார்க்க முடிகிற 30 மீட்டர், மாதக்கணக்கில் ஏற முடியாத 300 மீட்டரைவிட மேல் என்றே நினைக்கிறேன்.

அடுத்தது செட். ரிப்பீட்டருக்குத் தேவை இரண்டு ரேடியோக்கள்: ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும், அது கேட்டதை மற்றது அதே கணத்தில் வேறு அலைவரிசையில் அனுப்பும். நடுவே ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பலகை. யாரோ பேசுகிறார்கள் என்று முதல் செட் சொன்னதும் இரண்டாவது செட்டின் பொத்தானை அழுத்துவது, பேச்சு முடிந்ததும் ஓரிரு விநாடி காத்திருந்து விடுவது, அவ்வப்போது அழைப்புக்குறியை மோர்ஸில் ஒலிப்பது, யாராவது பொத்தானை அழுத்தியபடியே தூங்கிவிட்டால் சில நிமிடங்களில் துண்டிப்பது. சில நூறு ரூபாய் ஆர்டுயினோ சிறுகணினிப் பலகை இதையெல்லாம் செய்துவிடும். செட்டுகளைப் பொறுத்தவரை, 1990களில் டாக்சிக் கம்பெனிகளும் ஆலைகளும் காவல் நிறுவனங்களும் வாங்கிய மோட்டரோலா ஜி.எம்.300 போன்ற வண்டி செட்டுகள் உலகெங்கும் ஹாம்களின் கைக்கு வந்து ரிப்பீட்டர்களாக மாறியிருக்கின்றன. கைபேசி வந்ததும் முதலாளிகளுக்கு அவை வேண்டாதவையாகிவிட்டன. அவற்றின் பின்புறத்தில் 16 முனை இணைப்பி ஒன்று இருக்கிறது. பேச்சு உள்ளே, பேச்சு வெளியே, பொத்தான், யாரோ பேசுகிறார்கள் என்ற சைகை என்று ரிப்பீட்டருக்கு வேண்டிய எல்லாக் கம்பிகளும் அங்கேயே கிடைக்கும். பெட்டியைப் பிரித்து எதையும் சுரண்ட வேண்டியதில்லை. அதைவிட முக்கியம் அதன் வாங்கும் திறன். இன்றைய மலிவு வாக்கி டாக்கிகள் ஒரே சிப்பில் முழு ரேடியோவை அடக்கியவை. பக்கத்தில் பலமான அலை ஒன்று வந்தால் திணறிப்போகும். பழைய வண்டி செட்டின் முகப்பில் வடிகட்டிகள் வரிசையாக நிற்கின்றன. இரண்டு மலிவு கைச்செட்டுகளைக் கம்பியால் இணைத்து ரிப்பீட்டர் என்று பெயர் வைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பழைய செட்டில் குறை இல்லாமல் இல்லை. பின்பக்க லேபிளைப் படிக்காமல் வாங்கினால் 146 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் இயங்கும் வகை தலையில் கட்டப்படலாம். அது ஹாம் அலைவரிசைக்கு மேலே தொடங்குகிறது. ஜி.எம்.300க்கு அலைவரிசை ஏற்ற டாஸ் காலத்து மென்பொருளும் அதற்கேற்ற பழைய கம்ப்யூட்டரும் தேவை. முப்பது ஆண்டு ஆன மின்தேக்கிகள் காய்ந்துபோயிருக்கும். இன்னொன்று: இவை வண்டியில் ஒருவர் அரை நிமிடம் பேசி ஐந்து நிமிடம் கேட்பதற்காகச் செய்யப்பட்டவை. ரிப்பீட்டரில் தொடர்ந்து அனுப்ப வைத்தால் சூடேறிச் செத்துப்போகும். 25 வாட் செட்டை 10 வாட்டுக்குக் குறைத்து, கழித்துப்போட்ட கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த விசிறி ஒன்றை முதுகில் பூட்டினால் பல ஆண்டு ஓடும். 25ஐ 10 ஆக்குவதால் எல்லை கொஞ்சம்தான் சுருங்கும், ஏனென்றால் எல்லையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உயரம். இரண்டுக்குப் பதில் ஒரே வகையில் மூன்று செட் வாங்கிவைத்தால் உதிரிபாகக் கவலையும் தீர்ந்தது. புது ரிப்பீட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு புது ரிப்பீட்டரை உதிரியாக எந்த மன்றமும் வாங்கி வைக்காது; பழையதில் அது முடியும்.

இனி வருவதுதான் உண்மையான சிக்கல். ஒரே இடத்தில் ஒரு செட் 10 வாட்டில் கத்திக்கொண்டிருக்க, பக்கத்துச் செட் 20 கிலோமீட்டர் தள்ளி நிற்பவரின் மெல்லிய குரலைக் கேட்க வேண்டும். நல்ல வாங்கி ஒன்று 0.35 மைக்ரோவோல்ட் அலையையும் பிடிக்கும். அனுப்பும் சக்தி அந்த அளவைப்போல நான்காயிரம் லட்சம் கோடி மடங்கு. உலக வழக்கப்படி இரண்டு அலைவரிசைகளுக்கும் இடையே உள்ள தூரமோ வெறும் 600 கிலோஹெர்ட்ஸ். 145 மெகாஹெர்ட்ஸில் அது அரை சதவீதம்கூட இல்லை. பிரிக்காவிட்டால் ரிப்பீட்டர் தன் குரலாலேயே செவிடாகிவிடும். ஏறக்குறைய 10 கோடி மடங்கு தடுப்பு வேண்டும். இதற்காக இருப்பதுதான் டூப்ளெக்சர்: அரை மீட்டர் உயரமுள்ள உலோகக் குழல்கள் ஆறு, ஒவ்வொன்றும் ஓர் அலைவரிசையை விட்டு மற்றதைத் தடுக்கும்படி சுருதி சேர்க்கப்பட்டவை. புதிதாக வாங்கினால் ரிப்பீட்டர் செலவில் பாதிக்கு மேல் இதற்கே போகும். கையடக்கமாக, மலிவாக விற்கும் டூப்ளெக்சர்கள் நான்கைந்து மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்குச் செய்யப்பட்டவை. இந்தியாவில் ஹாம்களுக்கான மொத்த வி.எச்.எப். பட்டையே 2 மெகாஹெர்ட்ஸ்தான் என்பதால் அவை நமக்கு உதவா. குழாய் வாங்கி வெட்டிப் பற்றவைத்துச் சொந்தமாகச் செய்தவர்கள் உண்டு. சில ஆயிரம் ரூபாய் விலையில் நானோ வி.என்.ஏ. கருவி வந்தபிறகு சுருதி சேர்ப்பது எளிதாகியிருக்கிறது. ஆனாலும் அந்தக் கருவியே 80 டெசிபல், அதாவது அந்த 10 கோடி மடங்கு, ஆழத்தை நம்பகமாக அளக்கத் திணறும். குழல்களை ஒவ்வொன்றாக அளந்து சேர்க்கும் பொறுமை வேண்டும்.

டூப்ளெக்சரே இல்லாமல் தப்பிக்க வழி உண்டா? உண்டு, அதற்கும் உயரம்தான் துணை. இரண்டு ஆன்டெனாக்களை ஒன்றின் மேல் ஒன்றாக நேர்ச்செங்குத்தில் வைத்தால், ஒன்று மற்றதன் நிழலில் நிற்கும். 10 மீட்டர் இடைவெளியில் நான்கு லட்சம் மடங்கு தடுப்பும், 20 மீட்டரில் 60 லட்சம் மடங்கும் கணக்கில் வருகின்றன. 10 கோடிக்கு மிச்சம் கொஞ்சம்தான். பக்கத்துக்கு ஒரு குழல் போதும். 30 மீட்டர் கோபுரம் கிடைத்த ஊருக்கு இது நடக்கக்கூடியது. ஆனால் கீழ் ஆன்டெனா 10 மீட்டருக்கு இறங்கிவிடுவதால், அதன் பங்கு எல்லை 22 கிலோமீட்டரிலிருந்து 13க்குச் சுருங்கிப்போகும். ஆகவே களம்பூருக்கு என் தேர்வு மூன்றாவது வழி, ஹாம்சாட் காட்டிய வழி: ஒரு பட்டையில் வாங்கி வேறு பட்டையில் அனுப்புவது. இந்திய ஹாம்களுக்கு 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையும் இடம் இருக்கிறது. 145இல் ஒன்றும் 435இல் ஒன்றும் என்று வைத்துவிட்டால் இரண்டையும் பிரிக்கச் சின்ன வடிகட்டி போதும்; குழல்களுக்கு வேலையே இல்லை. ஒரே ஒரு கண்ணி இருக்கிறது. 145ஐ மூன்றால் பெருக்கினால் 435. அனுப்பும் அலையின் மூன்றாம் மடங்கு நேரே வாங்கியின் காதில் விழலாம். ஹாம்சாட் எண்களைப் பாருங்கள்: 145.9இன் மூன்று மடங்கு 437.7, அது வாங்கியது 435.25இல். இரண்டரை மெகாஹெர்ட்ஸ் விலகல். எண்களைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தப் பெருக்கல் ஒன்றைச் செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. இரண்டு பட்டைகளிலும் பேசும் கைச்செட்டுகள் இன்று மலிவு என்பதால் பயனாளிகளுக்கும் கூடுதல் செலவில்லை. இதுவும் கூடாது என்றால் கிளிப்பிள்ளை ரிப்பீட்டர் என்று ஒன்று உண்டு: ஒரே செட், ஒரே அலைவரிசை, கேட்டதைப் பதிவு செய்து, பேசியவர் நிறுத்தியதும் திருப்பிச் சொல்லும். எல்லாம் இரண்டு முறை கேட்பதால் பொறுமை சோதிக்கப்படும். பழகிக்கொள்ள நல்லது, அவசரத்துக்கு ஆகாது.

பழையதை வாங்கலாம் என்ற வாதத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. அதை நெசவுக்குப் பழகிய இந்த வட்டாரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை: தாத்தா காலத்துத் தறியில் நெய்கிறவரும் பாவு மட்டும் புதிதாகத்தான் ஏற்றுவார். ரிப்பீட்டரில் பாவு என்பது கேபிள், கனெக்டர், பேட்டரி. 30 மீட்டர் நீளத்துக்கு மெல்லிய ஆர்.ஜி.58 கேபிளைப் போட்டால் சக்தியில் முக்கால் பங்கு வழியிலேயே போய்விடும், ஆர்.ஜி.213 போட்டால் பாதிக்கு மேல் மேலே போய்ச் சேரும். மழைநீர் புகுந்த பழைய கேபிள் இதைவிட மோசம், அதைவிட மோசம் அந்தப் பழுது கண்ணுக்குத் தெரியாதது. துருப்பிடித்த கனெக்டர் ஒன்று போதும், வாங்கும் பக்கம் கரகரவென்று இரைச்சல் கிளம்ப. பேட்டரி கணக்கு இப்படி: இரண்டு செட்டும் சும்மா இருக்கும்போது முக்கால் ஆம்பியர், அனுப்பும்போது சுமார் 4 ஆம்பியர். நாளுக்கு இரண்டு மணி நேரப் பேச்சு என்று வைத்தால் சுமார் 25 ஆம்பியர்-மணி செலவாகும். வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுகிற 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை மட்டும் எடுத்தாலும் கரண்ட் இல்லாமல் ஏறக்குறைய மூன்று நாள் தாங்கும். அது புது பேட்டரியாக இருந்தால். நான்கு ஆண்டு வீட்டில் உழைத்துக் களைத்ததைக் கொண்டுவந்து வைத்தால் முதல் புயல் இரவிலேயே படுத்துவிடும். ஒன்பது ஆண்டு ஓடிய ஹாம்சாட்டையே ஓயவைத்தது எது என்று மேலே சொன்னேன். மழைக்காலத்துக்கு ஒரு சோலார் பலகையும், ஆன்டெனாவுக்கு ஒழுங்கான எர்த்தும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆன்டெனாவை மட்டும் அலுமினியக் குழாயில் உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம். அளவு சரியாக இருந்தால் கடைச் சரக்குக்கு அது குறைந்ததல்ல.

இவ்வளவு பாடுபட்டு என்ன பயன், எல்லார் கையிலும்தான் போன் இருக்கிறதே என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. அன்றாடத் தேவைக்குக் கைபேசியோடு ரிப்பீட்டர் போட்டியிட முடியாது, போட்டியிடவும் கூடாது. ஹாம் அலைவரிசையில் வியாபாரம் பேசச் சட்டமே அனுமதிப்பதில்லை: ஜரிகை விலையோ நெல் விலையோ அங்கே பேச முடியாது. ஆனால் கைபேசிக் கோபுரம் மின்சாரத்தையும் டீசலையும் கண்ணாடி இழையையும் நம்பி நிற்பது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கிராமங்கள் பல நாள் இருட்டிலும் தொடர்பற்றும் கிடந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமான் துண்டிக்கப்பட்டபோது, ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்திலிருந்து வந்து போர்ட் பிளேரில் ஒலிபரப்பிக்கொண்டிருந்த பாரதி பிரசாத் தலைமையிலான குழுதான் மெயின்லேண்டுக்குச் செய்தி கடத்தியது. அது சிற்றலை, ஆயிரம் கிலோமீட்டர் தாண்டுவது. ரிப்பீட்டர் வேறு வேலைக்கானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வட்டாரத்துக்குள் ஒருவர் பேசினால் இருபது பேர் ஒரே நேரத்தில் கேட்பதுதான் அதன் பலம். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். கடலே இல்லாத மாவட்டம் புயலில் இருந்து தப்பியது என்று இனி யாரும் சொல்ல முடியாது. படவேட்டுக்கு அருகே செண்பகத்தோப்பு அணை நிரம்பித் தண்ணீர் திறந்தால், கமண்டல நாகநதிக் கரை ஊர்களுக்குச் சொல்ல ஒரு வழி அடைபட்டாலும் இன்னொரு வழி இருக்க வேண்டும். காவல்துறைக்குத் தன் வயர்லெஸ் இருக்கிறது, உண்மை. அதில் கிராமத்து ஆள் பேச முடியாது என்பதும் உண்மை.

இணையம் வழியாக உலக ஹாம்களோடு பேசும் டிஜிட்டல் வழிகள் இருக்கும்போது பழைய எப்.எம். எதற்கு என்பார்கள் சிலர். கேட்கச் சுகமானவைதான். இணையம் போகும் நாளில் அவையும் போகும் என்பதால் அந்த வாதத்தை நீட்டத் தேவையில்லை.

கனமான ஆட்சேபம் வேறு: களம்பூரில் ஹாம் உரிமம் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? ஆள் இல்லாத ரிப்பீட்டர் கோபுரத்தில் தொங்கும் சூடான பெட்டி மட்டுமே. பல ஊர்களில் ரிப்பீட்டர்கள் ஊமையானதற்குப் பழுதைவிட இதுவே காரணம் என்று நினைக்கிறேன். கட்டியவர் ஊர் மாறிப்போனதும் கவனிக்க ஆளில்லை. இதற்கு விடை கருவிக் கடையில் கிடைக்காது. கிடைக்கக்கூடிய இடம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது: ஆரணியை அடுத்த தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி. அந்தப் பல்கலைக்கழகம் 2009 ஏப்ரல் 20 அன்று தன் மாணவர்களும் ஆசிரியர்களும் செய்த 40 கிலோ அனுசாட் செயற்கைக்கோளை விண்ணுக்கு அனுப்பியது. செய்தியை வாங்கிச் சேமித்துத் திருப்பி அனுப்புவதுதான் அதன் சோதனையும். விண்ணில் செய்ததைத் தரையில் 30 மீட்டரில் செய்ய அதன் உறுப்புக் கல்லூரி தயங்கக் கூடாது. மின்னணுவியல் படிக்கும் மாணவர்கள் ஏட்டில் படிக்கும் வடிகட்டி, இரைச்சல், மூன்றாம் மடங்கு எல்லாம் ஒரே பெட்டிக்குள் கையில் சுடும். கருவி மலிவானதால் கெடுத்துப் பார்க்கவும் அஞ்ச வேண்டாம்; லட்ச ரூபாய் ரிப்பீட்டரை யார் மாணவனிடம் ஸ்க்ரூ டிரைவரோடு கொடுப்பார்கள்? ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் வருவதால் கவனிக்க ஆளும் தீராது. ஹாம் தேர்வு எழுத 12 வயது நிரம்பினால் போதும் என்பதால் களம்பூர் பள்ளிப் பிள்ளைகளும் சேரலாம்.

சட்டம் குறுக்கே வருமா? முறையாகச் செய்தால் வராது, நாள் ஆகும். தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவிடம் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும், மன்றத்துக்குத் தனி உரிமம், ரிப்பீட்டருக்குத் தனி அனுமதி. உரிமம் இல்லாதவர் அனுப்பும் செட்டை வாங்கி வைத்திருப்பதே தவறு. கட்டுப்பாடில்லாமல் வாக்கி டாக்கிகளை இணையக் கடைகள் விற்றதற்காக 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நடவடிக்கை எடுத்து, விற்பனைக்கு வழிகாட்டு நெறிகளும் கொண்டுவந்தது. ஆகவே வரிசை முக்கியம்: முதலில் தேர்வு, பிறகு மன்ற உரிமமும் அனுமதியும், கடைசியில்தான் பழைய செட். ஆர்வத்தில் இதைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதில் அரசு அலுவலகங்களும் ஆலைகளும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கழித்துவிட்ட வி.எச்.எப். செட்டுகளைக் கிடங்கில் மட்கவிட்டு, பிறகு எடைக்குப் போடுவதே வழக்கம். அவற்றை உரிமம் பெற்ற ஹாம் மன்றங்களுக்கும் கல்லூரிகளுக்கும் முறையான காகிதத்தோடு மாற்றித்தர ஒரு எளிய நடைமுறை வேண்டும். திருவண்ணாமலை மாவட்ட நிர்வாகம் இதைத் தொடங்கிவைக்கலாம். தச்சூர் கல்லூரி அடுத்த கல்வியாண்டிலேயே பத்து மாணவர்களைத் தேர்வுக்கு அனுப்பி, மன்ற உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். களம்பூர் பேரூராட்சி தர வேண்டியது மேல்நிலைத் தொட்டியின் உச்சியில் ஒரு இடமும், கீழே பூட்டுப்போட்ட ஒரு அறையும் மட்டுமே.